பத்தடி அறையில் இரண்டு பேரின் அலுவலகம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வாடகை ஃபிளாட். மனைவி ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகள் பார்க்கிறார். கணவர் மென்பொருள் துறை. பகலில் கோடிங், மாலையில் அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் வீடியோ அழைப்புகள். சின்ன படுக்கையறையை அலுவலகமாக்க வேண்டும். கிழக்கு மேற்கில் 10 அடி, தெற்கு வடக்கில் பத்தரை அடி. மேற்குச் சுவர் முழுக்க இரண்டடி ஆழக் கப்போர்டு, வடக்கே நாலடி ஜன்னல், தெற்குச் சுவரின் கிழக்கு ஓரத்தில் உள்பக்கம் திறக்கும் கதவு. சுவரில் துளை போடக்கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் தங்குவதும் அந்த அறையில்தான். மனைவியின் உயரம் 5 அடி 1 அங்குலம், கணவர் 5 அடி 10 அங்குலம். மொத்தம் 60,000 ரூபாய். "எல் வடிவ மேசை ஒன்றும் ஒரு திவானும் வாங்கலாமா?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

இரண்டையும் இப்போது வாங்காதீர்கள்.

எல் வடிவ மேசை படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் அதன் மூலைப் பகுதியில் யாரும் உட்கார முடியாது. அங்கே நாளடைவில் சார்ஜரும் காப்பி டம்ளரும்தான் குடியிருக்கும். கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். அது உங்களுக்கு நாலு அங்குலம் அளவுக்கு அதிகம், உங்கள் கணவருக்குக் கொஞ்சம் அதிகம். வீடு மாறும்போது அடுத்த வீட்டு மூலை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் உங்கள் கையில் இல்லை. எல்லாவற்றையும் விட, நீங்கள் இருவரும் செய்வது இரண்டு வேறு வேலைகள். ஒரே மேசையை நீட்டி இரண்டாக்கினால் இருவருக்குமே பொருந்தாது.

மேசையைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு நோட்டு எடுங்கள். ஐந்து வேலைநாள், அரைமணிக்கு ஒருமுறை, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்: பில் பார்த்தேன், டேலியில் (கணக்கு மென்பொருளில்) பதிந்தேன், போன் பேசினேன், ஃபைல் தேடினேன், கையெழுத்து வாங்கினேன். எந்த ஐந்து நாள் என்பது முக்கியம். மாதாந்தர ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) தாக்கலுக்கு 11-ஆம் தேதி, 3பி-க்கு (வரி கட்டும் சுருக்கப் படிவம்) 20-ஆம் தேதி கடைசி என்பதால், 7 முதல் 11 வரையோ 16 முதல் 20 வரையோ எழுதுங்கள். 25-ஆம் தேதிக்கு மேல் எழுதினால் உங்கள் வேலையில் காகிதமே இல்லை என்று அந்த நோட்டு சொல்லும். அவருடைய நோட்டில் அழைப்பு நேரத்தைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். நியூயார்க்கில் காலை 9 என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் ஏழரை ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படியே. அதாவது குளிர்காலத்தில் அவருடைய இரவு ஒரு மணி நேரம் நீளும். வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தோடு அது எங்கே மோதுகிறது என்று பாருங்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் படம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. உங்கள் வேலை பகல், காகிதம், எண்கள், கை நீட்டினால் எட்டவேண்டிய ஃபைல்கள். அவர் வேலை பகலில் மௌனம், இரவில் குரல். உங்களுக்கு வேண்டியது பரப்பும் பகல் வெளிச்சமும். அவருக்குப் பரப்பு கொஞ்சம் போதும். சத்தம் வெளியே போகாத கதவும், இரவில் முகத்தில் விழும் விளக்கும்தான் வேண்டும். ஒரே அறையில் இரண்டு ஷிஃப்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதிலிருந்துதான்.

அறையில் இடம் பிரிப்பது: உங்கள் மேசை கிழக்குச் சுவரோடு, வடக்குச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி. நீளம் 5 அடி, ஆழம் இரண்டரை அடி. கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் ஜன்னல் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். வலக்கையால் எழுதுபவருக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது, ஜன்னல் வெளிச்சம் கணினித் திரையிலும் பிரதிபலிக்காது. கதவு திறக்கும் வீச்சுக்குக் கிழக்குச் சுவரில் இரண்டேமுக்கால் அடி போனாலும் உங்கள் மேசை தப்பிக்கும். அவருடைய மேசை தெற்குச் சுவரில், கப்போர்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள ஐந்தடி இடத்தில், 4 அடிக்கு 2 அடி. ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் எட்டடி தூரத்தில் இருக்கும். பகலில் திரையில் லேசாகத் தெரியும், அதற்குத் திரைச்சீலை போதும். தெற்குப் பார்த்து உட்காரக்கூடாது என்று வீட்டில் யாராவது வாஸ்து சொன்னால், மேசையின் குறுகிய பக்கம் சுவரைத் தொடும்படி திருப்பிக் கிழக்குப் பார்த்து உட்காரலாம். ஆனால் நடுத்தரை போய்விடும், கதவோரமும் நெருக்கடியாகும். என்னைக் கேட்டால் முதல் அமைப்பே மேல்.

இனி நாற்காலி. மேசைக்கு முன்னால் நாற்காலியை வாங்குங்கள், ஏனென்றால் மேசையின் உயரத்தைச் சொல்லப்போவது அதுதான். முறை எளிது: நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பகுதி வரை இன்னொருவர் டேப்பால் அளக்கட்டும். டைப் அடிக்கும் மேசை அந்த அளவுக்கு இருக்கவேண்டும். காகிதத்தில் எழுதுவது அதிகம் என்றால் ஓர் அங்குலம் கூடலாம்.

உங்கள் உயரத்துக்குப் பாதம் தரையில் பட உட்கார வேண்டுமானால் இருக்கை சுமார் 38 செ.மீ. இருக்கவேண்டும். ஆனால் பல அலுவலக நாற்காலிகளை எவ்வளவு இறக்கினாலும் 43 செ.மீ.க்குக் கீழே போகாது. ஆகவே இருக்கையை 43-ல் வைத்து, காலுக்கு இரண்டு அங்குல உயரத்தில் ஒரு பலகை போடுங்கள். அப்போது உங்கள் முழங்கை சுமார் 65 செ.மீ.யில் நிற்கும். அப்படியானால் மேசை 26 அங்குலம். அவருக்கு அநேகமாக 28 அங்குலம் வரும். உறுதியான எண்ணை டேப்தான் சொல்லவேண்டும். இங்கே நான் சொல்வது உத்தேசம். 75 செ.மீ. மேசையில் நீங்கள் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்றால், கையை மேசைமேல் வைக்கவே தோளைத் தூக்கவேண்டும். அது அன்றைக்கு வலிக்காது. சில வாரங்களில் கழுத்தின் இரு பக்கமும் இறுகும், எல்லோரும் தலையணையை மாற்றச் சொல்வார்கள்.

நாற்காலியில் பார்க்கவேண்டியது விளம்பரத்தில் இருக்காது. இருக்கையின் ஆழம்தான் முதலில்: முதுகு சாய்த்து உட்கார்ந்தபின் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். பெரிய 'பாஸ்' நாற்காலிகளில் உங்கள் உயரத்துக்கு அந்த இடம் கிடைக்காது. விளிம்பு முழங்காலை அழுத்துவதால் முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள், முதுகுச் சாய்மானம் அலங்காரமாகிவிடும். கைப்பிடி உயரம் மாற்றக்கூடியதாக, மேசைக்கு அடியில் நுழையக்கூடியதாக இருக்கட்டும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ரெக்சின் வேண்டாம், இரண்டு மூன்று வருடத்தில் உரியும். வலைத்துணி முதுகு நல்லது. டைல்ஸ் தரையில் கடினமான நைலான் சக்கரம் கடகடக்கும், இரவு அழைப்பில் அது கேட்கும். மென்மையான பியூ (பாலியூரித்தேன்) சக்கரம் கேட்டு வாங்குங்கள். நிறுவனங்கள் கழித்த நாற்காலிகளைப் புதுப்பித்து விற்கும் கடைகள் சென்னையில் உண்டு. அதே பணத்துக்கு அங்கே நல்ல தரம் கிடைக்கும். வாங்குமுன் முழு உயரத்துக்கு ஏற்றி, டேப்பால் அளந்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி அளங்கள். இறங்கியிருந்தால் இருக்கையைத் தூக்கி நிறுத்தும் கேஸ் லிஃப்ட் போய்விட்டது.

நாற்காலியில் சம்மணம் போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்பதையும் நோட்டில் எழுதுங்கள். நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. இருந்தால் கைப்பிடி இல்லாத அகலமான இருக்கையோ, கைப்பிடியைப் பின்னால் மடக்கும் வகையோ பாருங்கள். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாய்வு மேசையில் எழுதினார்கள். பேரேடு எழுத அது பொருத்தமான ஏற்பாடு. கீபோர்டும் இரண்டு திரையும் அதில் ஏறாது. ரசீது பிரிப்பதற்கும் குறி போடுவதற்கும் மட்டும் பத்து அங்குல உயரத்தில் ஒரு மணைப்பலகை வைத்துக்கொண்டு தரையில் இறங்கி உட்காருவது, நாள் முழுக்க ஒரே நிலையில் இருக்கும் உடம்புக்கு நல்ல மாற்றம்.

மேசையைக் கார்ப்பென்டரிடம் செய்வதுதான் உங்களுக்குச் சரி. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒரே ஷீட்டில் இரண்டு மேசையும் ஒரு ரேக்கும் வந்துவிடும். வெட்டும் விதம் இது: நீளத்தில் 5 அடியில் ஒரு வெட்டு. 5 அடிக்கு 4 அடி துண்டிலிருந்து உங்கள் 5 x 2½ மேற்பலகை; மிச்சம் 5 x 1½ பட்டை. 3 அடிக்கு 4 அடி துண்டிலிருந்து அவருடைய 4 x 2. மிச்சம் 4 x 1 பட்டை. முதல் பட்டையை 4 x 1 ஆகக் குறுக்கினால் ரேக்குக்கு இரண்டு தட்டு கிடைக்கும், கால்பலகைக்கும் துண்டு மிஞ்சும். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் மூன்று மில்லிமீட்டர் தின்னும், அதனால் அளவுகள் நூல் குறையும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பலகை 18 அல்லது 19 மி.மீ., ஈரம் தாங்கும் பிடபிள்யூஆர் தரம், ஐஎஸ் 303 முத்திரை. சமையலறைக்குப் போடும் 710 தரம் இங்கே தேவையில்லை. மேலே 1 மி.மீ. மேட் மைக்கா, பளபள மைக்கா விளக்கைக் கண்ணில் திருப்பி அடிக்கும். அடிப்பக்கமும் மெல்லிய மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். "அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்" என்று மிச்சம் பிடிப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மழைக்காலத்தில் இரு பக்கமும் வேறு வேறு அளவில் ஈரம் வாங்கிப் பலகை வளையும். முன் விளிம்பில் 2 மி.மீ. பிவிசி எட்ஜ் பேண்ட் போட்டு முனையை உருட்டவேண்டும். மைக்காவின் கூர்முனை மணிக்கட்டை அறுக்கும். கால்களுக்கு வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் சட்டம். ஐந்தடி நீளத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் குழாய் கட்டாயம், இல்லாவிட்டால் ஃபைல் பாரத்தில் தொய்யும். சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிணைத்தால் வீடு மாறும்போது கழற்றலாம். உங்கள் மேசையின் அடியில் டிராயர் வைக்காதீர்கள். 26 அங்குல உயரத்தில் தொடை இடிக்கும். பின் விளிம்பைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், கம்பிகள் அந்த இடுக்கில் இறங்கட்டும். பலகையில் ஓட்டை போட வேண்டியதில்லை.

லேப்டாப்பை மேசையில் வைத்து அதிலேயே டைப் அடிப்பது இருவருக்கும் நிற்கவேண்டும். திரை கண்ணுக்குச் சரியாக இருந்தால் கீபோர்டு உயரமாகிவிடும். கீபோர்டு சரி என்றால் கழுத்து குனியும். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்கோ சற்றுக் கீழோ வையுங்கள். தூரம் கையை நீட்டினால் விரல்நுனி படும் அளவு. இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் திரையை இன்னும் இறக்கவேண்டும், இல்லையென்றால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள்.

உங்களுக்கு இரண்டு திரை தேவை, ஆனால் இரண்டும் சமமல்ல. பதியும் திரை நேர் எதிரே. பில் காட்டும் திரை அதன் இடப்பக்கம், உங்களை நோக்கித் திருப்பி. பில்கள் நெட்டுவாக்கில் இருப்பவை. 24 அங்குல மானிட்டரை நெட்டாகத் திருப்பினால் ஒரு முழு ஏ4 பக்கம் ஸ்க்ரோல் செய்யாமல் தெரியும். திருப்பக்கூடிய ஸ்டாண்டு உள்ள மாடலா என்று பார்த்து வாங்குங்கள், அல்லது மேசை விளிம்பைக் கவ்வும் மானிட்டர் ஆர்ம் போடுங்கள். அதற்கும் சுவரில் துளை வேண்டாம். காகிதப் பில் என்றால் கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவே ஒரு சாய்வுத் தாங்கி. பக்கத்தில் தட்டையாக வைத்தால் நாளெல்லாம் கழுத்தை அந்தப் பக்கமே திருப்பவேண்டி வரும்.

எண் பதிபவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று: எண் பலகை உள்ள முழுக் கீபோர்டு 44 செ.மீ. வரை அகலம். எழுத்துப் பகுதியை நேராக வைத்தால் மவுஸ் வலப்பக்கம் வெகுதூரம் போய்விடும், வலத்தோள் வலிக்கும். எண் பலகை இல்லாத சிறு கீபோர்டும் தனி எண் பலகையும் வாங்குங்கள். டேலி பதியும் நேரத்தில் எண் பலகையை வலக்கைக்கு நேராக இழுத்துக்கொள்ளலாம், மற்ற நேரத்தில் ஒதுக்கிவிடலாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களுக்கு மேசைமேல் ஒரு யூஎஸ்பி ஹப்பும், வாடிக்கையாளர் பெயர் எழுதிய அறைகள் கொண்ட சிறு பெட்டியும் இருக்கட்டும். கடைசி நாள் இரவில் டோக்கனைத் தேடும் அவஸ்தையை விவரிக்க வேண்டாம்.

வெளிச்சம். பத்தடி அறையில் 20 வாட் எல்இடி டியூப் ஒன்று சுமார் 2,000 லூமென் தரும். மேசை மேல் வந்து சேர்வது நூறு, நூற்றைம்பது லக்ஸ்தான். காகிதத்தில் பொடி எழுத்து படிக்க 300 முதல் 500 வேண்டும். டியூபை இரட்டிப்பதைவிட இடப்பக்கம் ஒரு மேசை விளக்கு, 4,000 கெல்வின் நிறத்தில், காகிதத்துக்கு ஒன்றரை அடி உயரத்தில் வைப்பது மலிவு. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நம்பிவிடாதீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்; அந்த மாதங்களில் காலையும் மாலையும் சாய்வெயில் உள்ளே எட்டிப்பார்க்கும். ஸ்பிரிங் வைத்து இறுக்கும் கம்பியில் இரண்டு அடுக்குத் திரைச்சீலை போடுங்கள்: மெல்லியது பகலுக்கு, கனமானது இரவு அழைப்புக்கு.

டியூப் சுவரில் மின்விசிறி இறக்கைகளைவிட உயரத்தில் மாட்டியிருந்தால், இறக்கைகளின் நிழல் மேசைமேல் துடித்துக்கொண்டே இருக்கும். பலர் இதைக் கண்வலி என்று நினைத்து மருத்துவரிடம் போகிறார்கள். மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். துடிப்பு நின்றால் காரணம் அதுதான். துளை போடமுடியாத வீட்டில் டியூபை மாற்றமுடியாது, ஆகவே வேலை நேரத்தில் அதை அணைத்துவிட்டு, விசிறி மட்டத்துக்குக் கீழே ஒரு ஸ்டாண்டு விளக்கை வைப்பதே வழி. காகிதம் பறப்பதற்கு விளிம்பு உயர்ந்த தட்டுகளை வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருக்கு விளக்கு வேறு கணக்கு. இரவு அழைப்பில் தலைக்கு மேல் விளக்கு மட்டும் இருந்தால் கண்குழியில் நிழல் விழும். மேசைக்கு எதிரே உள்ள தெற்குச் சுவரை நோக்கி ஒரு 9 வாட் விளக்கைத் திருப்பி வைத்தால், வெள்ளைச் சுவரில் பட்டு முகத்தில் மென்மையாக விழும். கண்ணாடி அணிபவர் என்றால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கவாட்டில் வைக்கவேண்டும். அவருடைய கேமராவில் நீங்கள் பக்கவாட்டில் தெரிவீர்கள் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மாதத்தில் 11-உம் 20-உம் மட்டும் இருவரும் இரவில் ஒரே அறையில் இருக்க நேரும். அன்று நீங்கள் வாடிக்கையாளர் போனை ஹாலுக்கு எடுத்துப்போவது என்று ஒரு ஒப்பந்தம் போதும், அதற்காக அறையை மறுபடி வடிவமைக்க வேண்டாம்.

சத்தத்தில் இரண்டு வேறு பிரச்சினைகளை மக்கள் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று, அறைக்குள் எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினால் 'கிணுங்' என்று திரும்பும். அமெரிக்காவில் இருப்பவர் காதில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கனமான திரைச்சீலை, தரையில் ஒரு ஜமுக்காளம், துணியோ ஃபைலோ நிறைந்த ரேக் இதைத் தீர்க்கும். இன்னொன்று, சத்தம் அறையைத் தாண்டுவது. இதற்கு முட்டை அட்டைபோல் விற்கும் ஃபோம் எந்த உபயோகமும் இல்லை, பணத்தை விரயம் செய்யாதீர்கள். சத்தத்தை நிறுத்துவது கனமும் இடைவெளி அடைப்பும்தான். நாலரை அங்குலச் செங்கல் தடுப்புச் சுவர்கூடப் பேச்சை நன்றாகவே தடுக்கும். ஓட்டை கதவில் இருக்கிறது. கீழே ஒரு விரல் இடைவெளி இருந்தால் குரல் அதன் வழியே ஹாலுக்குப் போகும். கதவின் அடியில் செருகும் இரட்டை உருளை ஃபோம் பட்டையும், நிலையைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டையும் போடுங்கள். சறுக்கு ஜன்னலில் ஓரத்துப் பிரஷ் பட்டை தேய்ந்திருந்தால் தெரு ஹாரன் உள்ளே வரும். அலுமினியக் கடையில் மீட்டர் கணக்கில் புதிது கிடைக்கும்.

மைக்கை லேப்டாப்பில் விடாதீர்கள். மின்விசிறிக் காற்று அதில் பட்டுக் 'கொர்' என்று கேட்கும். வாய்க்கு அருகில் வரும் குச்சி மைக் உள்ள ஹெட்செட், வாயின் நேரெதிரே இல்லாமல் உதட்டோரத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரல் தள்ளி இருந்தால் அவர் மெதுவாகப் பேசினாலே போதும். பாதி சத்தப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஏசி காற்று நேராக யார் முகத்திலும் அடிக்காதபடி மடலைத் திருப்புங்கள், கண் காயும். 26 டிகிரியில் ஏசி, மெதுவான வேகத்தில் விசிறி. இரண்டும் சேர்ந்தால் வசதி.

இணையம் தடுமாறினால் உடனே பெரிய பிளானுக்குப் போகாதீர்கள். வீடியோ அழைப்புக்கு நாலைந்து எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் தாராளம். ஹாலில் டிவிக்குப் பின்னால் ரௌட்டர் ஒளிந்திருந்து, நடுவே இரண்டு சுவர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வலுவிழக்கும், 2.4-இல் பக்கத்து ஃபிளாட்டுகளின் நெரிசல். ஹாலிலிருந்து அவர் மேசைவரை ஒரு தட்டையான கேட்-6 கேபிளை ஸ்கர்ட்டிங் ஓரமாக ஒட்டும் கிளிப்பில் கொண்டுவாருங்கள். கதவடிப் பட்டையின் ஓரத்தில் கேபிளுக்கு ஒரு சிறு வெட்டு போதும். மின்கம்பியோடு சேர்த்து ஒரே பைப்பில் விடக்கூடாது.

மின்சாரம்தான் நம் ஊரில் நிஜமான சோதனை. பராமரிப்பு மின்தடை வழக்கமாகக் காலை 9 முதல் மதியம் 2 வரை. ஐந்து மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டு லேப்டாப் 100 வாட், இரண்டு மானிட்டர் 50, குறைந்த மின்சாரம் இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறி 30, விளக்கு 20, ரௌட்டர் 12. மொத்தம் சுமார் 210 வாட். 150 ஏஎச் பேட்டரியில் எழுதியிருக்கும் கணக்கு 12 x 150, அதாவது 1,800 வாட் மணி. இந்த வேகத்தில் இழுக்கும்போது இழப்பெல்லாம் போக 1,100 அளவுக்குத்தான் கையில் வரும். புது பேட்டரிக்கு ஐந்து மணி நேரம் தாங்கும். பழைய 75 வாட் விசிறி என்றால் நாலரை மணியைத் தாண்டாது. விசிறியை மாற்றுவது பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட மலிவு. கழற்றி எடுத்துப் போகவும் முடியும்.

இருக்கும் இன்வெர்ட்டர் அந்த அறையின் பிளக் பாயின்ட்டுக்கு வருகிறதா என்று முதலில் மெயினை இறக்கிச் சோதியுங்கள். பெரும்பாலான வீடுகளில் விளக்கும் விசிறியும் மட்டும்தான் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். வரவில்லை என்றால் எலெக்ட்ரீஷியன் ஒரு லைனை ஒட்டும் கேசிங் வழியே கொண்டுவரலாம். அப்போது அந்த லைனின் நியூட்ரலும் இன்வெர்ட்டரிலிருந்தே வரவேண்டும். இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்தால் மின்கசிவைக் கண்டு கரன்டை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்ச் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். லேசர் பிரின்டரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள்: சூடாகும் நொடியில் பல நூறு வாட் இழுத்து ஓவர்லோடு ஆக்கிவிடும். மேசைக் கணினி சேர்ந்தால் இன்வெர்ட்டர் சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வையுங்கள், மற்ற நிலையில் கரன்ட் மாறும் இடைவெளியில் ரீஸ்டார்ட் ஆகும். ரௌட்டருக்குத் தனியாக ஒரு மினி யூபிஎஸ் வாங்கும்போது அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் 'ஜிவ்' என்று இருந்தால் முதலில் மூன்று முள் கம்பியையும் பாயின்ட்டின் எர்த்தையும் சோதிக்கவேண்டும்.

ஃபைல்களுக்கு வருவோம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். வாடிக்கையாளர்கள் உங்களிடமே விட்டுப்போவதும் வழக்கம். எல்லாமே கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டியதில்லை. ஜன்னலுக்கு அடியில், உங்கள் இடப்பக்கம், 4 x 1 அடி ரேக்கில் ஒரு தட்டுக்கு 16 பாக்ஸ் ஃபைல் வீதம் 32 நிற்கும். நடப்பு ஆண்டு மட்டும் அங்கே. பழையவை மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில், அந்துருண்டையோடு, பரணில். ரேக்கைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, அடியில் பிவிசி புஷ் போட்டு நிறுத்துங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஓதம் எடுக்கும், ஒட்டி வைத்த ஃபைலின் முதுகு முதலில் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே கரையான்.

திவான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், பெரியவர்கள் வந்து தங்கும் சில வாரங்களுக்காக மிச்ச மாதமெல்லாம் ஆறடி இடத்தைப் பூட்டிவைப்பது நஷ்டம். இந்த அமைப்பில் நாற்காலிகளை மேசைக்கடியில் தள்ளினால் நடுவே ஐந்தரை அடிக்கு ஏழு அடி வெறும் தரை இருக்கும்; ஐந்தடி மெத்தை விரியும். ஆனால் அவர்களை அங்கே படுக்கவைத்தால் இரவு பத்தரை மணி அழைப்புக்கு அவருக்கு இடமில்லை. பெரியவர்களுக்கு உங்கள் பெரிய அறையைக் கொடுங்கள், கட்டிலும் இருக்கும். நீங்கள் இருவரும் அழைப்பு முடிந்தபின் அலுவலக அறையில் மெத்தை விரித்துக்கொள்ளலாம்.

பணத்தில் பாதிக்குக் குறையாமல் இரண்டு நாற்காலிகளுக்கு ஒதுக்குங்கள். அடுத்து தனிக் கீபோர்டு, மவுஸ், உங்கள் திரை, அவர் ஹெட்செட். அதன்பிறகு மேசையும் ரேக்கும். விசிறி, விளக்கு, திரைச்சீலை, கதவுப் பட்டை கடைசி. மேசைக்கு உடனே பணம் போதாவிட்டால் இருக்கும் சாப்பாட்டு மேசையில் நாற்காலியையும் கால்பலகையையும் உயர்த்தி இரண்டு மாதம் ஓட்டலாம். நாற்காலிக்கு அப்படி மாற்று கிடையாது. கார்ப்பென்டரிடம் அளவு கொடுக்கும் நாளில் நாற்காலி வீட்டுக்கு வந்திருக்கவேண்டும். அதில் உட்கார்ந்து எடுத்த முழங்கை அளவைத்தான் அவரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த உயரம் மைக்காவோடு சேர்த்தா, கால் புஷ்ஷோடு சேர்த்தா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், அரை அங்குலம் அங்கேதான் வித்தியாசப்படும்.